ஆய்வகத்துச் சூடம்

அணுவை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்று கெமிஸ்ட்ரி சார் ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்வார். பார்த்ததில்லை, ஆனால் இருக்கிறது, நம்பித்தான் ஆக வேண்டும் என்பார். நான் ஆய்வகத்தின் பின்பக்கத் தொட்டியில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். பார்க்காததை இந்த மனுசன் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்று எரிச்சலாக வரும். பிற்பாடு, ஆய்வகத்துச் சூடத்தைத் திருடியது நான்தான் என்று என்னைக் காட்டி அவர் சொன்னபோதும் அதே குரல்தான். அதையும் யாரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. அருப்புக்கோட்டையில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடம். பேர் வேண்டாம். அங்கே எனக்கு ஆய்வக உதவியாளர் வேலை. உதவியாளர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கழுவுவது, துடைப்பது, சார் கேட்டதை எடுத்து வைப்பது, மணியடித்தால் பூட்டுவது. அதுவும் தற்காலிகம். ஒவ்வொரு ஜூன் மாதமும் "இந்த வருசமும் வா" என்று தலைமையாசிரியர் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. எங்கள் ஊர் திருச்சுழிப் பக்கம். என் அய்யா அதுவரை அடுத்தவன் காட்டில் கூலிக்கு உழுதவர். மழை பொய்த்துப் பொய்த்து, பிறகு சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடப் போய்விட்டார். எங்கள் வீட்டில் மாதம் பிறந்தால் சம்பளம் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள் நான். பத்தாவது முடித்த பெண்ணுக்கு அந்தப் பக்கத்தில் வேறு என்ன வேலை இருந்தது? பருத்தி எடுக்கலாம், அல்லது தறிக்கு நூல் சுற்றலாம். அதனால் அந்த வேலையை நான் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் என்னை மிரட்டுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

எனக்கு அந்த ஆய்வகத்தில் எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. முதல் காரணம் தண்ணீர். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உப்பைக் கொடுத்து, இது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கரைத்த தண்ணீரில் சில்வர் நைட்ரேட்டை விட்டதும் வெள்ளையாகத் திரண்டால் குளோரைடு. எங்கள் குழாய்த் தண்ணீரில் எதைக் கரைத்து விட்டாலும் வெள்ளையாகத்தான் திரளும். உப்பே போடாமல் வெறும் தண்ணீரில் விட்டாலும் திரளும். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் ஊரே பல்லில் கறை பிடித்துத் திரிந்தது. சார் மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்வார். மழை எங்கே பெய்தது பிடித்து வைக்க? கடைசியில் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் எல்லா உப்பையும் குளோரைடு என்று எழுதிக் கொடுத்தார்கள். சார் திட்டினார். தண்ணீர் பொய் சொன்னதற்குப் பிள்ளைகளுக்குத் திட்டு.

இன்னொன்று சுவரில் தொங்கிய தனிம வரிசை அட்டவணை. மெழுகுத் துணியில் அச்சடித்தது. அதைக் குச்சியால் தட்டித் தட்டிச் சொல்வார். "இந்தத் தொகுதியில இருக்கிறதெல்லாம் ஒரே குணம். சோடியத்தைத் தெரிஞ்சுக்கிட்டா பொட்டாசியத்தைத் தெரிஞ்சுக்கிட்ட மாதிரி. ஒண்ணைப் பாத்தாப் போதும்." பிள்ளைகள் தலையாட்டும். எனக்கு இது பிடிக்கவே இல்லை. எங்கள் தெருவை அப்படித்தான் எல்லாரும் பார்த்தார்கள். ஒரு ஆளைத் தெரிந்தால் தெருவையே தெரிந்த மாதிரி. சோடியம் பேசாது, கட்டத்துக்குள் இருந்துகொள்ளும். நான் எதற்கு இருக்க வேண்டும்?

சூடப் பாட்டிலைச் சொல்கிறேன். தடித்த கண்ணாடிப் பாட்டில், கறுப்பு மூடி. அதில் சூடக்கட்டிகள் நிறைந்திருக்கும். ஒன்பதாம் வகுப்பில் பருப்பொருள் பாடம் வரும்போது அது வெளியே வரும். பீங்கான் கிண்ணத்தில் சாப்பாட்டு உப்பையும் சூடத்தையும் கலந்து வைத்து, மேலே புனலைக் கவிழ்த்து, புனல் வாயில் பஞ்சை அடைத்து, கீழே சாராய விளக்கைக் கொளுத்துவார் சார். சூடம் உருகாமலே ஆவியாகிப் போய்ப் புனலின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும். உப்பு கிண்ணத்திலேயே கிடக்கும். "இதுக்குப் பேரு பதங்கமாதல். சூடுபடுத்தும்போது திடப்பொருள் திரவம் ஆகாம நேரா ஆவியாகுது. எழுதிக்கோங்க." எழுதிக்கொள்வார்கள்.

அந்த வருடம் ஜூலையில் அந்தப் பாடம் முடிந்து பாட்டிலைக் கழுவும் மேடையில் வைத்தபோது, ஒரு பிள்ளை கைபட்டு மூடி கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது. சாரிடம் சொன்னேன். வேறு மூடி கிடையாது என்றார். "துணியைக் கட்டி வை, போதும்." ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுகிற மாதிரி பாட்டில் வாயில் பழைய வெள்ளைத் துணியைப் போட்டுச் சணலால் இறுக்கிக் கட்டி அலமாரியில் மேல்தட்டில் வைத்தேன். அதன் பிறகு அதை யாரும் தொடவில்லை. ஆய்வகத்துக்கு மேலே தகரக் கூரை. மத்தியானம் உள்ளே நின்றால் மண்டை வெடிக்கும்.

மார்ச்சில் முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் சார் பழைய பாடத்தைத் திருப்ப ஆய்வகத்துக்கு ஒன்பதாம் வகுப்பைக் கூட்டி வந்தார். பாட்டிலை எடுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். அவரே சணலை அவிழ்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பாட்டிலைக் கவிழ்த்தார். அரிசிக் குருணை மாதிரி கொஞ்சம் உள்ளங்கையில் விழுந்தது. அவ்வளவுதான்.

"எங்க சூடம்?"

"அதுலதான் சார் இருக்கும்."

"இருந்தா நான் ஏன் உன்னைக் கேக்குறேன்? பாட்டில் நிறைய இருந்துச்சு. எங்க போச்சு?"

"எனக்குத் தெரியாது சார். நான் கட்டி வச்சதோட சரி."

"சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு உன்கிட்ட. நாங்க கிறிஸ்தவங்க, எங்க வீட்ல சூடம் கொளுத்துறதில்லை. நான் என்னத்துக்கு எடுக்கப் போறேன்?"

பின்வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. "ஏலே, அக்கா அம்புட்டையும் சாமிக்குக் கொளுத்திட்டாகடா." வகுப்பே சிரித்தது. சார் அவனை அதட்டவில்லை. "களவாங்கிறதுக்குச் சூடம்தான் கெடைச்சுச்சா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அத்தனை பிள்ளைகள் முன்னால்.

மத்தியானமே தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வரலாறு படித்தவர், ஆய்வகப் பக்கமே வரமாட்டார். நல்ல மனுசர் என்று பெயர். குரலை உயர்த்தாமல் பேசுவார். எனக்குக் கத்துகிறவர்களை விட அப்படிப்பட்டவர்கள் மேல்தான் சந்தேகம்.

"எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிரும்மா. சின்னச் சாமான்தான். சொல்லிட்டா மன்னிச்சுரலாம்."

"எடுக்கலை சார்."

அவர் சுவரில் இருந்த மாதா படத்தைக் காட்டினார். "அங்க பாத்துச் சொல்லு."

பார்த்துச் சொன்னேன். அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "உனக்கு மாதா மேல பயம் இருக்காதுல்ல?" என்றார்.

பயமில்லாதவளை எதற்கு அங்கே பார்த்துச் சொல்லச் சொன்னார்? கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு வாய் வரவில்லை. ஜூன் மாதம் 'வா' என்று சொல்ல வேண்டிய வாய் அவருடையது.

மறுநாளிலிருந்து சாயங்காலம் வாசலில் என் பையைச் சோதிக்க உத்தரவு. சோதிப்பவர் வாட்ச்மேன். சூடத்தைக் கண்ணால் தேட வேண்டியதில்லையே, மூக்கு போதும். பையைத் திறந்து முகத்தை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார். பஸ்ஸுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் நின்று வேடிக்கை பார்க்கும்.

"என்னத்தா, இன்னைக்குக் கருவாடா?"

"ஆமா. தூக்குவாளியையும் மோந்து பாருங்க. அடியில மிச்சம் கெடக்கும்."

"கோவிச்சுக்கிறாத தாயி. மோந்து பாக்கலைன்னா என் சோத்துல மண்ணு. எனக்குச் சளி பிடிச்சு மூக்கு அடைச்சு ஒரு வாரமாச்சு. ஒண்ணும் தெரியலை. சும்மா மோக்குறேன்."

"அப்ப எதுக்கு மூஞ்சிய உள்ள விடுறீக?"

"எச்செம்மு மாடியில நின்னு பாக்குறாகள்ல." தலைமையாசிரியரை அவர் அப்படித்தான் சொல்வார்.

ஊரில் அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். என்னோடு ஒரே பஸ்ஸில் வரும் பிள்ளை சொல்லிவிட்டது. அம்மா அடுப்படியில் இருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

"நீ எடுத்தியாடி?"

"நீயுமாம்மா?"

"எடுக்கலைன்னா பிறகு என்ன பயம்? வெள்ளிக்கிழமை மாரியாத்தா கோயில்ல கையில சூடத்தைக் கொளுத்தி வச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டு வந்துருவோம். நான் வாரேன்."

"சூடம் திருடலைன்னு சூடத்தை வாங்கிச் சத்தியம் பண்ணவா? அந்தச் சூடம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பாக."

அய்யா மூலையில் உட்கார்ந்து கைக்கரியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். சிரித்துவிட்டார். அம்மா அவர் மேல் பாய்ந்தாள். "சிரிங்க. நாளைக்குக் களவாணி அப்பன்னு சொல்லுவாக, அப்பவும் சிரிங்க."

அம்மா சொன்னது சரிதான். வேலை போவது ஒன்று. திருடி என்று பெயர் வாங்கி வேலை போவது வேறொன்று. அப்படிப் போனால் அருப்புக்கோட்டையில் நூல் சுற்றக்கூட எவனும் சேர்க்க மாட்டான். அங்கே நூலும் எண்ணித்தான் கொடுப்பார்கள்.

நான் எடுக்கவில்லை என்றால் வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பொருள் தானாகவா போகும்? முதலில் வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டேன். பூட்டு அவர் கண்ணுக்கு முன்னால்தான் தொங்கியது. ஆனால் அவர் ஒருநாள் பையை மோந்துகொண்டே மெதுவாகச் சொன்னார். "சாரோட கொழுந்தியா ஒண்ணு பத்தாவது முடிச்சிட்டு வீட்ல சும்மா இருக்காம்த்தா. சார் சம்சாரம் எச்செம் வீட்டுக்கு ரெண்டு தடவை வந்து போயிட்டாக. நான் சொன்னேன்னு சொல்லிராத."

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. எல்லாம் பொருந்தியது. இரண்டாவது சாவி சாரிடம். சூடம் தேவை இல்லாதவர் என்பதால் அவரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எடுத்துக் கிணற்றில் போட்டிருந்தாலும் போதும், நான் வெளியே, கொழுந்தியாள் உள்ளே. அவர் ஒவ்வொரு முறை அலமாரியைத் திறக்கும்போதும் அவர் கையையே பார்த்தேன். அவரும் என் கையையே பார்த்தார். ஒருவரையொருவர் திருடன் என்று நினைத்துக்கொண்டு ஒரே அறையில் அமிலப் பாட்டில்களைக் கை மாற்றிக்கொண்டிருந்தோம்.

பிடிக்க ஒரே வழிதான் தோன்றியது. பாட்டிலில் திரும்பச் சூடம் இருந்தால் திருடின ஆள் திரும்ப வருவான். ஏப்ரல் கடைசியில், லீவு விட ஒரு வாரம் இருக்கும்போது, பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றேன். கடைக்காரர் சூடத்தைத் தாளில் கொட்டினார். கொட்டிவிட்டுப் பக்கத்து டப்பாவில் இருந்து நாலைந்து மிளகை எடுத்து அதில் போட்டார்.

"எடைக்கு மிளகா போடுறீரு?"

"எடையெல்லாம் போட்டாச்சுத்தா. சூடத்தோட மிளகு போட்டுக் குடுக்கிறது எங்க கடை வழக்கம்."

"உங்க வழக்கம் எனக்கு வேண்டாம். எடுங்க."

"போட்டாத்தான் சூடம் நிக்கும்."

"நிக்காம நடந்தா போகும்?"

மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் கல்லாவிலேயே வைத்துவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் சூடம் மிஞ்சியதே கிடையாது. வாங்குவதும் கொளுத்துவதும் ஒரே நாள். சார் வீட்டில் சூடம் நுழைந்ததே கிடையாது. எடுத்து வைத்தால் அது என்ன செய்யும் என்று அறிந்த ஆள் எங்கள் இரண்டு பக்கமும் இல்லை.

ஆய்வகத்தைத் திறந்ததும் சூடத்தைப் பாட்டிலில் போட்டுத் துணியை இழுத்துக் கட்டினேன். கரி மூட்டைக்கு அய்யா போடும் முடிச்சு. அவிழ்த்தால் அவரையும் என்னையும் தவிர யாராலும் திரும்ப அதேபோல் போட முடியாது. சாயங்காலம் வரை சந்தோசமாக இருந்தேன். அன்றைக்கென்று வாட்ச்மேனுக்குச் சளி தெளிந்திருந்தது.

பைக்குள் மூக்கை விட்டவர் அப்படியே நின்றார். காலையில் பொட்டலம் இருந்த பை. வாசம் போகுமா?

"என்னத்தா இது?"

"காலையில வாங்கிட்டு வந்தேன். உள்ள வச்சிருக்கேன். கொண்டு போகலை, கொண்டு வந்தேன்."

"ஆத்தாடி, கெடுத்தியே" என்றார். மாடியைப் பார்த்தார். மாடியில் ஆள் நின்றது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தலைமையாசிரியர், சார், நான், மூன்று பேரும் ஆய்வகத்துக்குப் போனோம். பாட்டிலில் சூடம் இருந்தது. நான் உண்மையைச் சொன்னேன். திருடனைப் பிடிக்க வைத்தேன் என்று சொன்னேன். சார் தலைமையாசிரியரைப் பார்த்தார்.

"பயந்துபோய்த் திருப்பி வச்சிருக்கு சார். அதுலயும் பாதிதான் இருக்கு."

"பாதி இல்லை சார், நான் வாங்குனதே அம்புட்டுத்தான். கடையில கேளுங்க."

யாரும் கடையில் கேட்கவில்லை. தலைமையாசிரியர் சூடத்தை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி நாலாக மடித்தார். "இது சாட்சி. ஜூன்ல ஃபாதர் வந்ததும் அவர் முன்னால வச்சுப் பேசிக்கலாம். அதுவரைக்கும் சாவியைச் சார்ட்ட குடுத்துரு." ஃபாதர் என்றால் பள்ளியின் தாளாளர். வெளியூரில் இருந்தார். பொட்டலத்தைத் தன் மேசை இழுப்பறையில், ஜெபப் புத்தகத்துக்கு மேல் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதை நான் பார்த்தேன். அன்றைக்கு எதையும் பார்க்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

மே மாதம் முழுவதும் அய்யாவோடு கரிமூட்டத்துக்குப் போனேன். விறகை அடுக்கி, செத்தை போட்டு, மண்ணால் மூடி, நெருப்பு வைத்து, புகை எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டும். ஊரில் செய்தி பரவியிருந்தது. குழாயடியில் ஒருத்தி, "ஏண்டி, வீட்ல சூடம் இருந்தா ஒண்ணு குடேன்" என்றாள். குடத்தை அவள் கால்மேல் வைத்தேன். அம்மா அந்த மாதம் கோயில் பக்கமே போகவில்லை. என்னை நம்பினாளா இல்லையா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் வரச்சொல்லி ஆள் வந்தது. தலைமையாசிரியர் அறையில் ஃபாதர் நாற்காலியில் இருந்தார். வயதானவர், வெள்ளை அங்கி. சார் ஓரத்தில் நின்றார். எனக்கு நிற்க இடம் காட்டினார்கள். தலைமையாசிரியர் முதலிலிருந்து சொன்னார். நிதானமாக, நல்ல தமிழில், என்னைத் திருடியாக்கி முடித்தார். இந்த வருடத்துக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை.

"எங்க அந்தச் சாமான்?" என்றார் ஃபாதர்.

தலைமையாசிரியர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து இழுப்பறையைத் திறந்தார். பொட்டலம் வைத்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் தட்டையாக இருந்தது. எடுத்துப் பிரித்தார். வெறும் தாள். உதறினார். இழுப்பறையை முழுக்க வெளியே இழுத்துப் பார்த்தார். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"யாரு இதைத் திறந்தது?"

சார் என்னைப் பார்த்தார். நான் பேசினேன்.

"சாவி யார்ட்ட சார் இருந்துச்சு?"

"என்கிட்டதான்."

"வேற சாவி?"

"கிடையாது."

"அப்ப நீங்கதான எடுத்திருக்கணும்? என்னை அப்படித்தான சொன்னீக?"

"ஏய்" என்றார் சார்.

ஃபாதர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். எழுந்து இழுப்பறைப் பக்கம் வந்து ஜெபப் புத்தகத்தை எடுத்தார். பிரித்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்தார். "என்ன சார், புத்தகம் மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்கா?" தலைமையாசிரியர் வாங்கி மோந்து பார்த்தார். எனக்கு நின்ற இடத்திலேயே வாசம் வந்தது.

ஃபாதர் சாரைப் பார்த்துத் திரும்பினார். "நீங்கதான கெமிஸ்ட்ரி? சொல்லுங்க."

சார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பதங்கமாதல் ஃபாதர்."

"யாரும் கொளுத்தலையே?"

"கொளுத்தினா வேகமாப் போகும். சும்மா வச்சாலும் மெதுவாப் போகும் ஃபாதர். இறுக்கமா மூடலைன்னா... வெயில் வேற."

"என் அங்கிப் பெட்டியில போடுற பாச்சை உருண்டை கரைஞ்சு போகுமே, அது மாதிரியா?"

"ஆமா ஃபாதர். அதேதான்."

"பாச்சை உருண்டை கரையும்னு நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியுமே. பிறகு இந்தப் பிள்ளையை ஏன் பிடிச்சீங்க?"

"அப்பத் தோணலை ஃபாதர்."

அப்பத் தோணலை. இந்த இரண்டு வார்த்தையை நான் எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். வருடா வருடம் அதையே பாடமாக எடுத்த ஆள். சூடு வைத்தால்தான் நடக்கும் என்று வாயால் சொல்லிச் சொல்லி அதையே நம்பிவிட்டாரா? பாட்டில் காலியாக இருந்ததும் என் முகம் தோன்றிவிட்டதால் வேறெதுவும் தோன்ற இடம் இல்லையா? அல்லது அந்த மார்ச் மாதமே தோன்றி, கொழுந்தியாளுக்காக வாயை மூடிக்கொண்டாரா? கொழுந்தியாளுக்குப் பிறகு வேறெங்கோ வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆனது. அவரோடு அதே அறையில் இன்னும் பல வருடம் வேலை பார்த்தேன். எப்போதும் கேட்கலாம் என்று நினைத்துக் கேட்காமலே விட்டேன். எந்தப் பதிலைச் சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஃபாதர் உட்கார்ந்தார். "சரி, முடிஞ்சது. சாவியை அந்தப் பிள்ளைகிட்டக் குடுங்க. இந்த வருசமும் வரட்டும்."

தலைமையாசிரியர் தலையை ஆட்டினார். ஜெபப் புத்தகத்தை ஜன்னல் ஓரத்தில் காற்றாட விரித்து வைத்துக்கொண்டிருந்தார். சார் சாவியை என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

"நான் எடுக்கலைன்னு சொல்லுங்க சார்."

"அதான் தெரிஞ்சு போச்சேம்மா" என்றார் தலைமையாசிரியர்.

"உங்க மூணு பேருக்குத் தெரிஞ்சா எனக்கு என்ன சார்? ஒம்போதாம் வகுப்புல வச்சுத்தான களவாங்கினேன்னு சொன்னீக. என் பஸ்ஸுல வர்ற பிள்ளை அதுல இருக்கு. எங்க ஊரே சொல்லுது. அங்க வந்து சொல்லுங்க. அப்ப வாங்கிக்கிறேன்."

தலைமையாசிரியர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் சாரைப் பார்த்தார். வேலையும் போகப் போகிறது என்று நினைத்தேன். போனால் போகிறது, கரிமூட்டம் இருக்கிறது என்றுகூட அந்த நிமிடம் தோன்றியது. ஃபாதர் தாடியைத் தடவிக்கொண்டு, "போயிட்டு வந்துருங்க சார், பக்கத்துலதான" என்றார்.

அந்தப் பிள்ளைகள் அப்போது பத்தாம் வகுப்புக்குப் போயிருந்தன. சார் முன்னால் நடந்தார், நான் பின்னால். வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். நான் வாசலில் நின்றேன். சார் சுண்ணக்கட்டியை எடுத்தார்.

"போன வருசப் பாடத்துல ஒரு திருத்தம். சூடம் மாதிரிப் பொருள்கள் சூடுபடுத்தாமலும் பதங்கமாகும். திறந்து வச்சிருந்தா அறை வெப்பத்துலயே மெதுவா ஆவியாகிரும். எழுதிக்கோங்க."

எழுதினார்கள். அவர் கரும்பலகையிலும் எழுதினார். எழுதி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு, முடிந்தது என்பது போல என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை.

"இன்னும் சொல்லலை சார்."

அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுதியதற்கு அடியில் கோடு போட்டார். கோடு போட்டுக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். "பாட்டில்ல இருந்த சூடம் அப்படித்தான் போயிருக்கு. அக்கா எடுக்கலை."

பிறகு பின்வரிசையில் இருந்து, போன வருடம் சிரிக்க வைத்த அதே பயல் எழுந்தான். கிண்டலா, நிஜமாகவே கேட்டானா தெரியாது.

"சார், இதையும் எழுதணுமா?"

சார் போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டார்.

"எழுதுங்கலே" என்றேன் நான்.

எழுதினார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் சாவியை வாங்கினேன்.